அக்காவுக்குப் போட்ட பிடியரிசி

எல்லாம் தெரிந்தாக வேண்டும் உங்களுக்கு. பல் போயிற்று, முட்டி போயிற்று, கண்ணாடி போட்டாலும் பாட்டுப் புத்தகத்தில் வரி தெரிவதில்லை. ஆனால் எந்தக் காலத்திலோ எங்கள் வீட்டு அடுக்களையில் நடந்ததை மட்டும் அரிசியில் கல் பொறுக்குவது போல உட்கார்ந்து பொறுக்க வேண்டும். எங்கள் அக்கா சாகும்வரை சொந்த வீட்டில் ஏன் பீங்கான் தட்டில் சாப்பிட்டாள் என்று எத்தனை வருடமாக நைசாகக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். கேட்டு என்ன செய்யப் போகிறீர்கள்? வீட்டுக்குப் போய் மருமகளிடம் சொல்வீர்கள். அவள் டிவி சத்தத்தைக் கூட்டுவாள். சரி, காலை நீட்டி உட்காருங்கள். நடுவில் கொட்டாவி விடக்கூடாது. பயத்தில் ஒன்றுக்கு வந்தாலும் அடக்கிக்கொள்ள வேண்டும், என்னிடம் துடைக்கத் துணி இல்லை.

நம் ஊர் தமிழ்ப் பக்கமா மலையாளப் பக்கமா என்று பெரியவர்கள் அடித்துக்கொண்ட காலம் அது. எல்லைப் போராட்டம் என்று இப்போது சொல்கிறார்கள். அப்போது எங்களுக்கு அது பள்ளிக்கூடம் அடிக்கடி பூட்டிக் கிடக்கிற காலம், அவ்வளவுதான். அப்பன் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சாயங்காலம் ஆனால் பாறசாலை, உதியன்குளங்கரை என்று நடந்து, எந்த வீட்டில் எத்தனை தலை தமிழ் பேசுகிறது என்று எண்ணிக்கொண்டு வருவார். எங்கள் வீட்டிலேயே அவருக்குக் கணக்கு நிற்கவில்லை. அம்மை ஜெபம் தமிழில் பண்ணுவாள், திட்டுவது மலையாளத்தில் திட்டுவாள். ஒரு நாளில் ஜெபத்தைவிடத் திட்டு அதிகம். அவளை எந்தப் பக்கம் சேர்ப்பது?

அந்தச் சமயத்தில்தான் போதகர் ஒரு சேதி கொண்டுவந்தார். சீமையில் இருந்து ஒரு பெண்பிள்ளை நம் ஊருக்கு வந்து ஒரு வருடம் உயர்நிலைப் பள்ளியில் படிக்குமாம். அதற்குப் பதிலாக இங்கிருந்து ஒரு பிள்ளை சீமைக்குப் போய், அந்தப் பிள்ளையின் வீட்டிலேயே தங்கி, அதன் பள்ளிக்கூடத்திலேயே படிக்குமாம். எங்கள் அக்கா நெய்யாற்றின்கரையில் பெரிய வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். இங்கிலீஷ் நன்றாக வரும். அப்பன் உடனே சரி என்றார்.

அம்மை உலையைக் கிளறிக்கொண்டே கேட்டாள்: “பிள்ளையக் குடுத்துப் பிள்ளைய வாங்குததா? இது என்ன, வெதநெல்லா?”

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒரு வீட்டு விதை சோம்பிப்போனால் அடுத்த வீட்டு விதையோடு மாற்றிக்கொள்வார்கள். வயலில் விழுந்த பிறகு யாரும் யாரிடமும் திருப்பிக் கேட்பதில்லை.

அப்பன் சிரித்தார். “நெல்லு இல்லட்டி, படிப்பாக்கும். ஒரு வருசம். பொறவு அவளவளுக்க வீட்டுக்கு அவளவ.”

“வெதச்சத ஆரெங்கிலும் திருப்பித் தந்திருக்காவளா?” என்றாள் அம்மை.

அன்று பிடித்த பயம் அது ஒன்றுதான் அவளுக்கு. போன பிள்ளை போனபடியே திரும்பி வருமா.

அக்கா எப்படி இருந்தாள் என்று சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். தண்ணீர்க் குடத்தை இடது இடுப்பில்தான் வைப்பாள். வீட்டுக்குள் ஏறும்முன் இடது காலை வாசல் கல்லில் இரண்டு தேய் தேய்ப்பாள், சேறு இருந்தாலும் இல்லாவிட்டாலும். பசுவைக் கறக்கும்போது மூக்காலே ஒரு ராகம் முனகுவாள். பாட்டும் இல்லை, வார்த்தையும் இல்லை, ஆனால் அது இல்லாமல் பசு பால் விடாது. வலது காதுக்குக் கீழே, சின்ன வயதில் சிம்னிக் கண்ணாடி சுட்ட பயறளவு வடு. என்னைத் தனியாக இருக்கும்போது மட்டும் ‘கூனிப்பொடி’ என்று கூப்பிடுவாள். நான் அப்போது காய்ந்த கூனி இறால் மாதிரி அவ்வளவு பொடியாக இருந்தேன். இப்போது சிரிக்க வேண்டாம்.

அக்கா போனாள். அடுத்த வாரம் மிஷன் ஜீப்பில் மதாம்மக்குட்டி வந்து இறங்கினாள். அவளுக்கு நாக்கு மடங்காத ஒரு பேர் இருந்தது. ஊர் முழுக்க மதாம்மக்குட்டி என்றே கூப்பிட்டது. உரித்த தேங்காய்த் தும்பு நிறத்தில் முடி. கீழே உட்காரச் சொன்னால், கம்பி வளைந்த குடையை மடக்குவது போல ஒவ்வொரு எலும்பாக மடக்குவாள். கறிவேப்பிலையை மென்று தின்றாள். சாளை மீனின் கண்ணைப் பார்த்துத் தட்டைத் திருப்பி வைத்தாள். வேலிக்கு அந்தப்பக்கத்து மாமி, செங்கல் ஊர்ச் சிவன் கோயிலுக்கு ஒரு திங்கள் விடாமல் போகிறவள், எட்டிப் பார்த்துவிட்டு அம்மையிடம் கேட்டாள்: “எட்டி, முக்கா வேக்காட்டில எறக்கிட்டாவளோ இத?”

அவளுக்கென்று அப்பன் ஒரு பீங்கான் தட்டு வாங்கி வந்தார். நீலப் பூ போட்டது. அக்காவின் வெண்கலத் தட்டத்தை அம்மை கழுவித் துடைத்து அலமாரி மேல் கவிழ்த்து வைத்தாள்.

இனி பிடியரிசி. உங்களுக்குத் தெரியும், உங்கள் மருமகள்களுக்காகச் சொல்கிறேன். உலைக்கு அரிசி அளக்கும்போது வீட்டில் இருக்கிற ஒவ்வொரு தலைக்கும் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவோம். அது சபைக்கு. வருடத்தில் ஒரு நாள் எல்லா வீட்டுப் பிடியரிசியும் சேர்த்து ஆலயத்து முற்றத்தில் அசனம் வைப்பார்கள், ஊரே உட்கார்ந்து சாப்பிடும். எங்கள் அம்மை ஒவ்வொரு பிடியும் போடும்போது அந்த ஆளின் பேரை மெல்லச் சொல்வாள். அவளுடைய அம்மை வீட்டு வழக்கம். தூரத்தில் இருக்கிறவருக்கும் பிடி விழ வேண்டும். அரிசி விழுகிறவரை அந்த ஆளுக்கு வீட்டில் இடம் உண்டு என்பாள்.

மதாம்மக்குட்டி வந்த மறுநாள் காலை அம்மை பானை முன்னால் கையில் அரிசியோடு நின்றாள்.

“இவளுக்கும் ஒரு பிடி போடட்டா? அப்பம் ஒரு பிடி கூடுமே.”

அப்பன் சட்டை போட்டுக்கொண்டிருந்தார், எங்கேயோ கூட்டத்துக்கு. “என்னத்துக்கு? ஒருத்தி போனா, ஒருத்தி வந்தா. ஆளெண்ணம் ஒண்ணுதானே. உள்ளபடியே இரிக்கட்டு.”

கணக்கு வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அம்மை பழைய எண்ணிக்கையிலேயே நிறுத்தினாள். அந்தக் கடைசிப் பிடி யாருக்கு என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. முதலில் கொஞ்ச நாள் அக்கா பேரைத்தான் சொன்னாள்.

மழை பிடித்தது. அக்கா போனதில் இருந்து பசு காலை உதைத்து உதைத்து அரைச் செம்பு பால் தந்துகொண்டிருந்தது. ஒரு சாயங்காலம் அம்மை மடியைத் தடவித் தடவிக் களைத்துப்போய் மலையாளத்தில் தொடங்கினாள். தொழுவத்து வாசலில் மழையைப் பார்த்து நின்ற மதாம்மக்குட்டி மூக்காலே முனக ஆரம்பித்தாள். அதே ராகம். நடுவில் அக்காவுக்கு மூச்சு வாங்கும் ஒரு இடம் உண்டு, அங்கே இவளும் வாங்கினாள். பால் செம்பில் விழுகிற சத்தம் கேட்டது. அம்மையின் கை மடியில் இல்லை, காற்றில் நின்றது. நான் பார்த்தேன். பால் தானாகவே விழுந்துகொண்டிருந்தது.

அப்பனிடம் சொன்னதற்கு, “ஆலயத்துல கேட்டிருப்பா, கீர்த்தனையாக்கும்” என்றார். கீர்த்தனை இல்லை அது. ஆனாலும் அப்பன் விளக்கம் சொன்னால் கொஞ்ச நேரத்துக்கு மனசு ஆறும்.

அவளுக்குப் பேச்சு வர ஆரம்பித்தது. நான்தான் குரு. நான் சொல்லிக்கொடுத்ததெல்லாம் கெட்ட வார்த்தை. போதகர் வீட்டு விருந்தில் அதில் ஒன்றை எடுத்துப் பரிமாறிவிட்டாள், அதற்கு நான் வாங்கிய அடி இன்னும் முதுகில் இருக்கிறது, வேண்டுமானால் தடவிப் பாருங்கள். அதனால் அவள் என்னிடம் எதைப் படித்தாள், எதைப் படிக்கவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு மத்தியானம். மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. கொல்லைப்பக்கம் அக்கா உட்காருகிற கல்லில், அக்காவின் பாவாடை தாவணியில், தலையில் துவர்த்துத் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒருத்தி முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். எனக்கு வாய் தவறி ‘அக்கா’ என்று வந்துவிட்டது.

அவள் திடுக்கிடவில்லை. மெல்லத் திரும்பினாள். “என்னட்டி கூனிப்பொடி?”

பூனைக் கண்ணுதான். மதாம்மக்குட்டிதான். கிட்டப் போய்க் கேட்டேன்.

“ஆரு சொல்லித் தந்தா இது?”

“எது?”

“இந்தப் பேரு.”

அவள் கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்கிறவள் யோசிக்கிற மாதிரி இல்லை, வைத்த பொருளைத் தேடுகிற மாதிரி. “அறிஞ்சூடா” என்றாள். தெரியாதாம்.

நீயே சொல்லிக்கொடுத்திருப்பாய் என்கிறீர்கள், இல்லையா? சத்தியம் பண்ணுவேன். ஆனால் நான் சத்தியம் பண்ணினால் நம்புகிற ஆள் உங்களில் யார்?

அதற்குப் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. குடம் இடது இடுப்புக்குப் போயிற்று. வாசல் கல்லில் இடது கால் இரண்டு தேய் தேய்த்தது. சாளைத் தலையைச் சப்பித் தின்றாள். ஒரு நாள் அவளே அலமாரி மேல் கவிழ்ந்திருந்த வெண்கலத் தட்டத்தை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அம்மை அதில் சோறு வைத்தாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்திரிக்கொத்து சுட்டுக்கொண்டிருந்தோம். பட்டப்பகல். மதாம்மக்குட்டி அடுப்படியில் குந்தி இருந்தாள். எண்ணெய் தெறித்து அவள் கழுத்தில் விழுந்தது. அம்மை தேங்காயெண்ணெயை விரலில் தொட்டுக்கொண்டு ஓடினாள். கிட்டப் போனவள், விரலை நீட்டியபடி நின்றுவிட்டாள். வலது காதுக்குக் கீழே. பயறளவு.

“நோவுது, அம்மை” என்றாள் அவள்.

அந்த வாரம்தான் சீமையில் இருந்து அக்காவின் படம் வந்தது. பனியில் நிற்கிறாள். முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மா, மதாம்மக்குட்டியின் தாயார், அக்காவின் தோளில் கை போட்டுக்கொண்டு சிரித்தாள். அம்மை படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

“வடுவக் காணல்லியே.”

“படத்துல எல்லாம் தெரியாது” என்றார் அப்பன்.

“வலப்பக்கந்தானே திரும்பி நிக்கா?”

“வெளிச்சம் அப்படி அடிச்சிருக்கும்.”

அம்மை படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். மறுநாள் காலையில் நான் அடுக்களையில் பல் விளக்கக் கரித்தூள் எடுக்கப் போனபோது அவள் பிடியரிசி போட்டுக்கொண்டிருந்தாள். அப்பன் பேர் சொன்னாள். தன் பேர் சொன்னாள். என் பேர் சொன்னாள். கடைசிப் பிடிக்கு நாக்கு மடங்காத அந்தச் சீமைப் பேரைச் சொன்னாள். மடங்காத நாக்கு அன்றைக்கு அழகாக மடங்கிற்று.

அதுவரை தபால்காரர் வருகிற நேரத்தில் அம்மை வழியில் போய் நிற்பாள். அன்றோடு நிறுத்திவிட்டாள். முகம் தெளிந்தது, பழையபடி வாய் திறந்து சிரித்தாள். மாமி வேலியில் கை வைத்துக்கொண்டு, “இவளுக்க சிரி கண்டா எனக்கு ஏனக்கேடா இரிக்கி” என்று என்னிடம் சொன்னாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அம்மை அழுதபோது இல்லாத பயம், அவள் காத்திருப்பதை விட்டபிறகு வந்தது.

பிறகு போராட்டம் முற்றியது. பஸ் ஓடவில்லை, கடை திறக்கவில்லை. ஊர்வலம் போனவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள், அப்பனும் அதில் ஒருவர். என் பள்ளிக்கூடத்தை இழுத்துப் பூட்டினார்கள். திறந்தபோது என்னை யாரும் கூப்பிட மறந்துவிட்டார்கள். நானும் நினைவுபடுத்தவில்லை. படிப்பு அவ்வளவுதான், அதனால் எனக்குத் தூக்கம் கெட்டதில்லை.

அசனம் அந்த வருடமும் நடந்தது. ஆண்கள் பாதிப் பேர் இல்லை. இறைச்சி இல்லை, சோறும் பருப்பும் அவியலும் மட்டும். வீட்டுவாரியாகப் பந்தியில் உட்கார்ந்தோம். நம் சபையில் தூரத்தில் இருக்கிற ஆளுக்கும் ஒரு இலை விரிப்பது உண்டு. அதில் ஒரு கல் உப்பு வைப்பார்கள், யாரும் அதில் உட்காரமாட்டார்கள். அம்மை லாக்கப்பில் இருந்த அப்பனுக்கு இலை விரித்து உப்பு வைத்தாள். தனக்கு, எனக்கு, மதாம்மக்குட்டிக்கு இலை போட்டாள். அதோடு உட்கார்ந்துவிட்டாள்.

போதகரின் மனைவி பரிமாறிக்கொண்டே வந்தவர் குனிந்து கேட்டார்: “மூத்தவளுக்க இலை எங்க?”

அம்மை சோற்றைப் பிசைந்துகொண்டே கண்ணால் காட்டினாள். “அவ இரிக்காளே.”

பந்தியில் தலைகள் திரும்பின. போதகரின் மனைவி கரண்டியை வாளிக்குள் விட்டார். மதாம்மக்குட்டி தலை நிமிர்ந்து, எங்கள் பேச்சில், எங்கள் இழுப்பில் சொன்னாள்: “அம்மை, எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு.”

பந்தி முடிந்ததும் போதகரின் மனைவி போதகரைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனார். என்ன பேசினார்களோ. ஊரில் கலகம், வெள்ளைக்காரப் பிள்ளையை இனி வைத்திருக்க முடியாது, வருடம் முடியும் முன்பே இரண்டு பிள்ளைகளையும் அவரவர் வீட்டுக்கு மாற்றிவிடுவது என்று சேதி வந்தது. அப்பன் லாக்கப்பில் இருந்து மெலிந்து வந்த கொஞ்ச நாளில், அக்கா வந்த கப்பல் கொச்சியைத் தொட்டுவிட்டது என்றார்கள். அப்பன் சந்தோஷப்பட்டார். அம்மை மதாம்மக்குட்டியின் தலையில் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள், கையை நிறுத்தவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஜீப் வந்தது. மதாம்மக்குட்டி கிணற்றில் இருந்து வந்துகொண்டிருந்தாள், குடம் இடது இடுப்பில். அக்கா இறங்கினாள். பூட்ஸ். கவுன். கழுத்தைச் சுற்றி ஒரு துணி. இரண்டு பேரும் வாசல் கல்லுக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமுமாக நின்றார்கள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். மதாம்மக்குட்டி குடத்தை நீட்டினாள். அக்கா வாங்கினாள். வாங்கி வலது இடுப்பில் வைத்தாள், தண்ணீர் தளும்பிக் கவுன் நனைந்தது.

மதாம்மக்குட்டியின் பெட்டிகளை ஜீப்பில் ஏற்றினார்கள். அவள் அம்மையைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள், அம்மை அவள் உச்சியை முகர்ந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, “கூனிப்பொடி, வாறேன்” என்றாள். நாம் போகிறேன் என்று சொல்வதில்லை, வாறேன் என்றுதான் சொல்வோம். அதை நான் சொல்லிக்கொடுத்தேனா என்று கேட்காதீர்கள். ஜீப்பில் ஏறுவதற்கு முன்னால் இடது காலை ஜீப்பின் படியில் இரண்டு தேய் தேய்த்தாள்.

எங்கள் பின்னால் அக்கா பூட்ஸ் காலோடு நேராக வீட்டுக்குள் நடந்து போனாள்.

அன்று அம்மை அவளுக்குச் சோறு வைத்தாள். நீலப் பூ போட்ட பீங்கான் தட்டில்.

மறுநாள் கிணற்றடியில் நான் அக்காவுக்குத் தண்ணீர் இறைத்து ஊற்றினேன். கழுத்துத் துணியை அவிழ்த்தாள். வலது காதுக்குக் கீழே பார்த்தேன். இடது காதுக்குக் கீழேயும் பார்த்தேன், எனக்குத்தான் பக்கம் மறந்ததோ என்று. தோல் மழமழவென்று இருந்தது. அப்பனிடம் சொன்னேன். “குளிர்நாட்டுல தோலு ஆறிப்போவும்” என்றார். அப்பன் நல்ல வாத்தியார்.

அக்கா பேச்சை மறந்துவிடவில்லை. ஆனால் ஒவ்வொரு வார்த்தைக்கும் முன்னால் கொஞ்சம் நிற்பாள். ஒரு நாள் என்னைப் பிடித்துக் கேட்டாள்: “அம்மைக்கு எனக்க மேல கோவமா?”

“இல்லக்கா. நல்லா தானே பாத்துக்கிடுகா?”

“அதுதான் கேக்கேன். மொத ஆளா எனக்கு வெளம்புகா. மீன்ல நடுக்கண்டம் எனக்கு வைக்கா. ஒரு நாளாவது திட்டினாளா என்னைய? உன்னையத் திட்டுகாளே.”

அவள் கண் கலங்கியிருந்தது. அந்த நேரத்தில் அவள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என்னைக் கூனிப்பொடி என்று கூப்பிட்டிருந்தால் ஓடிப்போய் அம்மையிடம் சொல்லியிருப்பேன். காத்துக்கொண்டு நின்றேன். அவள் என் முழுப் பேரையும் சொல்லி, “நீ போ” என்றாள்.

அப்புறம் கோடு போட்டார்கள். களியக்காவிளைக்கு வடக்கே கோடு, கோட்டுக்கு வடக்கே நாங்கள். அப்பன் எண்ணிய தலைகள் பாதி அந்தப்பக்கம், பாதி இந்தப்பக்கம். அக்காவைத் திருவனந்தபுரத்தில் கட்டிக் கொடுத்தார்கள். வரும்போதெல்லாம் பீங்கான் தட்டுதான். அம்மை கண் மூடிய பிறகும் அக்கா அந்தத் தட்டைத்தான் கேட்டு வாங்கினாள், வேறு எதில் வைத்தாலும் இறங்கவில்லை என்பாள். அக்காவை அடக்கம் பண்ணிய வாரம் அது என் கையில் இருந்துதான் விழுந்து உடைந்தது. வெண்கலத் தட்டத்தை அதற்கு வெகுகாலம் முன்பே காணவில்லை. ஜீப்பில் ஏறிய பெட்டிகளில் ஏதோ ஒன்றில் போயிருக்கும். யார் வைத்தது என்று நான் சொல்லமாட்டேன், உங்களுக்கும் தெரியும்.

நீங்கள் கேட்ட தட்டுக்குப் பதில், அம்மை அப்போது அக்கம்பக்கத்தாரிடம் சொன்னதில் இருக்கிறது. அக்கா வந்த மறுநாள் காலை. அம்மை பிடியரிசி போட்டுக்கொண்டிருந்தாள், நான் பக்கத்தில். அப்பன் பேர், தன் பேர், என் பேர், அந்தச் சீமைப் பேர். அதோடு நிற்கவில்லை. இன்னொரு பிடி எடுத்தாள். அதற்குப் பேர் எதுவும் சொல்லவில்லை. வேலிக்கு அந்தப்பக்கம் மாமியும், அவளோடு வழியில் போன இரண்டு மூன்று பெண்களும் நின்றார்கள்.

“எட்டி, மொவ வந்தாளாமே. இப்பமாவது மனசு நெறஞ்சுதா?” என்று மாமி கேட்டாள்.

அம்மை கையில் ஒட்டிய அரிசியைப் பானைக்குள் தட்டிவிட்டு வேலிக்குப் போனாள். சிரித்த முகம்.

“பாவம், நல்ல பிள்ளையாக்கும் வந்திருக்கது” என்றாள். “ஒரு கொறையும் இல்லாம பாத்துக்கிடணும். அதுக்க அம்மை அங்க வழியப் பாத்துட்டு இரிப்பாளே.”